மாட்டாமல் விட்ட கொக்கி

ஆற்றுக்குள் இறங்கி நின்று எல்லோரும் போட்டோவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோதுதான் நவநீதகிருஷ்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். வழியில் முன்சக்கரம் பஞ்சராகி, தோப்புக்கு வெளியே உட்கார்ந்து டியூப் மாற்றிவிட்டு வந்ததில் கையெல்லாம் கறுப்பு. விருதுநகரில் வங்கி வேலை பார்ப்பவர். இந்தச் சைக்கிள் குழுவோடு வருவது அவருக்கு அதுதான் முதல் தடவை. தை மாதத்துக் காட்டாறு முழங்காலளவுக்குத் தெளிந்து ஓடியது. மலையின் நிழல் தோப்புகளை மூடிவிட்டிருந்தது. ஏதோ ஒரு மலை இடுக்கு வழியாக வந்த கடைசி வெயில் தண்ணீர் மேல் மட்டும் கிடந்தது.

"வேலிக் கொக்கிய மாட்டிட்டு வந்தீகளா சார்?" என்று விமல் கேட்டான்.

"எந்தக் கொக்கி?" என்றார் அவர்.

விமல் திரும்பிப் பார்த்தான். தோப்பின் பின்பக்கக் கேட் மரங்களுக்குள் மறைந்திருந்தது. கடைசி ஆளாக அந்தக் கேட்டைத் தாண்டும்போது, பின்னால் ஒருவர் வருகிறாரே, மின்சாரக் கம்பியைப் பார்த்துப் பயந்துவிடுவாரே என்று கொக்கியைக் கழற்றிக் கீழே தொங்கவிட்டு வந்தவன் அவன்தான். ஆற்றங்கரைக்குப் போனதும் போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். ஆற்றங்கரையில் டவர் இல்லை. இப்போது திரும்பிப் போய் மாட்டிவிட்டு வரலாம். அதற்குள் இந்த வெயில் போய்விடும்.

"அண்ணே, வெளிச்சம் போகுது, வாங்க," என்று தண்ணீருக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் தோப்புக்காரர் வீரணன் மாமா வேலியைச் சுற்றி ஒரு நடை போவார், அது அவர் வழக்கம், பார்த்தால் மாட்டிவிடுவார் என்று விமல் தனக்குள் சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டே ஷூவோடு தண்ணீருக்குள் இறங்கினான். போட்டோ நன்றாக வந்தது.

விமலுக்கு ராஜபாளையம். சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் டெஸ்பாட்ச் மேனேஜர். திங்கள் முதல் சனிவரை லாரிக்காரர்களுடனும் போனுடனும் மல்லுக்கட்டுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான் சொந்தம். அவன் வைத்திருந்தது கிராவல் சைக்கிள். வளைந்த ஹேண்டில் பார், தடித்த டயர், தார் ரோட்டிலும் ஓடும், செம்மண்ணிலும் சரளையிலும் ஓடும். வேகத்தில் அவனை மிஞ்சுகிறவர்கள் குழுவில் பலர் இருந்தார்கள். ஆனால் பாதை கண்டுபிடிப்பதில் அவனை அடிக்க ஆளில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் மேலிருந்து எடுத்த வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, கண்மாய்க் கரை எங்கே முடிகிறது, அங்கிருந்து வண்டித்தடம் ஏதாவது கிளம்புகிறதா, அது எந்த ஓடையில் போய் இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பான். ராஜபாளையத்தில் கிளம்பித் தார் ரோட்டில் ஏறாமலே ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் அடிவாரம் வரைக்கும் போகிற பாதை அவன் கண்டுபிடித்தது. சேத்தூருக்கு மேற்கே மலையை ஒட்டிக்கொண்டே போய் வருகிற பாதையும் அவனுடையதுதான். கண்டுபிடித்ததைச் சைக்கிள்காரர்கள் பாதைகளைப் பகிர்ந்துகொள்கிற ஒரு செயலியில் ஏற்றிவிடுவான். முகம் தெரியாத யாரோ மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்து அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டிவிட்டு, கீழே நன்றி எழுதிவிட்டுப் போவார்கள். வீட்டில் அவன் மனைவி இந்து, "லைக்கு வந்துருச்சா?" என்று கிண்டல் செய்வாள். அவன் சிரிப்பான். ஆனால் ராத்திரி படுக்குமுன் ஒரு தடவை எடுத்துப் பார்க்காமல் இருக்க முடிந்ததில்லை.

எல்லாவற்றிலும் அழகான பாதை வ. புதுப்பட்டிக்கு மேற்கே இருந்தது. மாமரங்களுக்கு நடுவே மண்தடம் மெல்ல ஏறும். பிறகு சட்டென்று சரிந்து ஆற்றில் இறங்கும். ஆற்றைக் கடந்தால் பிளவக்கல் அணைக்கட்டு வரைக்கும் ஒரே மலைக்காட்சி. ஆனால் அந்தத் தடம் வல்லரசுவின் தோப்புக்குள் நுழைந்துதான் ஆற்றுக்குப் போனது. வல்லரசு அவனோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். ஒரே தட்டில் சாப்பிட்ட பழக்கம்.

"நீ எப்ப வேணாலும் வா மாப்ள," என்று வல்லரசு ஆரம்பத்திலேயே சொன்னான். "ஆளக் கூட்டிட்டு வராத. இது தோப்பு, பாதை இல்ல."

அவன் அப்பா வீரணன் அப்படி இல்லை. ராணுவத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். மனைவி போன பிறகு பேச்சுக்கு ஆளில்லாமல் பம்புசெட் ரூம் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வருகிற போகிறவர்களுக்காகக் காத்திருப்பார். அந்தத் தோப்புக்கு யார் வரப்போகிறார்கள்? விமல் வந்தால் சைக்கிளை நிறுத்தவிடமாட்டார், அதற்குள் பேச்சு ஆரம்பித்துவிடும். லடாக்கில் பனியில் சிக்கியது, சிலிகுரியில் பிரேக் பிடிக்காமல் போனது என்று ஒவ்வொன்றாக வரும். "ஒன்ன மாதிரி நாலு பேரு வந்தா என்னலே கொறஞ்சு போகும்? கூட்டிட்டு வா. எளநி வெட்டிக் குடுப்பேன்," என்பார்.

மகன் வேண்டாம் என்றான், அப்பா வரட்டும் என்றார். விமலுக்கு எது வசதியோ அதை அவன் எடுத்துக்கொண்டான். பாதையைச் செயலியில் ஏற்றியதை வல்லரசுவிடம் அவன் சொல்லவில்லை. மதுரைக்காரர்கள் சிலர் செல்போனைப் பார்த்துக்கொண்டே தோப்புக்குள் வந்து நின்ற அன்றுதான் வல்லரசுவுக்குத் தெரிந்தது. சில நாள் பேசாமல் இருந்தான். "தோப்பு எம்பேர்லதானடா இருக்கு," என்று வீரணன் ஒரே போடாகப் போட்டதும் அடங்கிவிட்டான். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். மலையிலிருந்து யானை இறங்காமலிருக்கத் தோப்பைச் சுற்றிச் சோலார் மின்வேலி போட்டிருந்தார்கள். பின்பக்கக் கேட்டில் அந்தக் கம்பியை ஒரு பிளாஸ்டிக் கைப்பிடிக் கொக்கி இணைத்திருந்தது. அதைக் கழற்றினால் ஆற்றுப்பக்கத்து வேலி முழுக்கச் செத்துப்போகும். "யாரு வந்தாலும் போனாலும் சரி, கொக்கிய மட்டும் மாட்டிரணும் மாப்ள. அம்புட்டுதான் நான் கேக்குதது."

அந்தப் போட்டோ எடுத்த அன்று ராத்திரி வத்திராயிருப்பில் குழுவோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வல்லரசுவின் மனைவி கார்த்திகா. "அண்ணே, மாமாவ யானை தள்ளிருச்சு," என்றாள்.

நடந்தது பிறகு தெரிந்தது. தென்னமட்டை முறிகிற சத்தம் கேட்டு, பசுதான் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டது என்று வீரணன் கயிற்றோடு போயிருக்கிறார். மரங்களுக்கு நடுவே நின்றது ஒற்றை யானை. மிதிக்கவில்லை. தும்பிக்கையால் ஒரு தள்ளு. வாய்க்காலின் கல்கட்டில் முதுகு பட விழுந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்றும் சொன்னார்கள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வனத்துறையிலிருந்து இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். விமல் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தான். வல்லரசு சுவரில் சாய்ந்திருந்தான்.

"ஆத்துப்பக்கத்துக் கொக்கி கழண்டு கெடந்திருக்கு. கடைசியா யாரு அந்த வழியாப் போனது?" என்று வந்தவர் கேட்டார்.

சொல்ல வேண்டும் என்றுதான் விமல் அங்கே நின்றிருந்தான். மதுரை பஸ்ஸில் வரும்போது அதற்கான வாக்கியத்தைக்கூடச் சரிசெய்து வைத்திருந்தான். வாயைத் திறந்தான். அதற்குள் வீரணன் பேசிவிட்டார்.

"நாந்தான் சார். பசுவ ஓட்டியாரப் போனேன். வந்து கொக்கியப் போட மறந்துட்டேன்."

எழுதிக்கொண்டார்கள். வல்லரசு அப்பாவைப் பார்த்தான், பிறகு விமலைப் பார்த்தான். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று விமல் பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறான். அன்று அதைப் பார்க்கத் தெம்பில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த நிமிடத்தில் அவனுக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. மூச்சு லேசானதுதான். நாளாக நாளாக அவனை அரித்தது அதுதான்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தோப்பு வீட்டின் முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். வல்லரசு பின்பக்கக் கேட்டைக் கருவேல முள்ளால் அடைத்தான். விமல் செயலியிலிருந்து பாதையை எடுத்துவிட்டான். ஞாயிறுதோறும் அவன் வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால், "இந்த வாரம் எங்கலே போன?" என்பதுதான் வீரணனின் முதல் கேள்வி.

அவன் எங்கேயும் போகவில்லை. சைக்கிள் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் காற்று இறங்கி நின்றது. மோட்டார் பைக்கில் வந்து, அதை ரோட்டிலேயே நிறுத்திவிட்டுத் தோப்புக்குள் நடந்து வருவான். ஆனால் சொல்லுவான். செண்பகத்தோப்புப் பக்கம் போனேன் மாமா, ஓடையில் தண்ணீர் வற்றிவிட்டது, மருதமரத்தில் சாம்பல் அணில் ஒன்று கிளைவிட்டுக் கிளை தாவியது என்பான். இல்லாத பாதைகளில், இல்லாத மேடுகளில் மூச்சு வாங்க ஏறி இறங்குவான். வீரணன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். "ஏத்தத்துல எந்தக் கியர்ல போன?" என்று இடையில் ஒரு கேள்வி வரும். அதற்கும் பதில் சொல்லுவான்.

வல்லரசு உள்ளே வருவான். விமலோடு பேச்சில்லை என்று சொல்ல முடியாது. வந்தியா, டீ குடிச்சியா என்று கேட்பான். மாப்ள என்ற சொல் மட்டும் அவன் வாயிலிருந்து எங்கோ போய்விட்டது. அப்பாவைப் புரட்டிப் படுக்க வைப்பான், துணியை மாற்றுவான். கை வேலை செய்ய வாய் ஆரம்பிக்கும்.

"பட்டாளத்துல இருந்தேன், பட்டாளத்துல இருந்தேன்னு ஊரெல்லாம் சொல்லுதீகளே. ஒரு கொக்கியப் போடத் தெரியல. போட்டுருந்தா இந்த நெலம வருமா? மரத்தையும் இழந்து, ஆளையும் இப்பிடிக் கெடத்திட்டு. யாரு அள்ளிப் போடுதது? நானும் அவளுந்தான்."

வீரணன் மேலே ஓட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். கார்த்திகா அடுப்படியிலிருந்து, "போதும், விடுங்க," என்பாள். விமல் டீ டம்ளரைப் பிடித்தபடி குனிந்திருப்பான். ஒவ்வொரு தடவையும் இப்போது சொல்லிவிடவேண்டும் என்று தோன்றும். ஒவ்வொரு தடவையும் டீ ஆறிப்போகும். ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துவிடுவான். வீட்டுக்கு வந்தால் இந்து முகத்தைப் பார்த்து, "அவருக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்பாள். "அப்படியேதான்," என்பான். அவளிடமும் அவன் சொல்லியிருக்கவில்லை.

பங்குனியில் ஒரு நாள் வல்லரசு உரம் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தான். அறையில் வேறு யாரும் இல்லை.

"மாமா, நான் அவன்ட்ட சொல்லிருதேன்," என்றான் விமல்.

"என்னத்த?"

"கொக்கிய நான்தான்..."

"வாய மூடு." வீரணன் குரலை உயர்த்தவில்லை. கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். லாரி ஸ்டியரிங் பிடித்த கை, இன்னும் பலம் போகாமல் இருந்தது. "எனக்கு அன்னைக்கே தெரியும். ஆத்தத் தாண்டிப் போனது ஒன் கூட்டந்தான. நீ சொன்னா என்ன நடக்கும்? அவன் ஒன்னைய இந்தப் பக்கம் விடமாட்டான். பொறவு நான் இந்த ஓட்டப் பாத்துக்கிட்டே கெடக்கணுமாக்கும்?"

"உங்கள இம்புட்டு வையுதானே மாமா. நீங்க செய்யாததுக்கு."

"வையட்டும். எம்மவன்தான வையுதான். அவன் வையுததோட சரி, வேற பேச்சு பேச மாட்டான். நீ வந்தாத்தான் வெளிய என்ன நடக்குன்னு எனக்குத் தெரியுது." பிடியை விட்டார். "எனக்காகச் சொல்லாத. ஒனக்காகவும் சொல்லாத. சரி, சொல்லு. சாஸ்தாகோயில் பக்கம் போறேன்னியே, போனியா?"

அவர் தன்னைக் காப்பாற்றினார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தவனுக்கு, அவர் தம் பேச்சுத் துணைக்கு ஒரு ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறார் என்று அன்றுதான் புரிந்தது. அது புரிந்ததில் பாரம் குறையவில்லை. போனேன் மாமா என்று ஆரம்பித்தான். ஆரம்பித்தபோது, இதற்கும் ஒரு நியாயம் கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்ததை உணர்ந்தான். தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அப்படியும் மேலும் பல ஞாயிறுகள் போயின.

வைகாசியில் மாங்காய் இறக்கி முடிந்திருந்தது. அன்று விமல் வந்தபோது முன்னறையிலிருந்து சத்தம் வாசல்வரை கேட்டது. கார்த்திகா வெளியே படியில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப உள்ள போகாதீங்கண்ணே," என்றாள். "செத்த நேரம் இருங்க. நேத்துலருந்து சோறு எறங்கல மாமாவுக்கு. நேத்து அழுதுட்டாக. நான் வாக்கப்பட்டு வந்து அவிய அழுது பாத்ததில்ல. அத்தை செத்தன்னைக்குக்கூட அழல."

உள்ளே வல்லரசு சொல்லிக்கொண்டிருந்தது அதே வார்த்தைகள்தான். ஆனால் அவனுடைய குரல் மாறியிருந்தது. யாரோ கேட்கவேண்டும் என்று சொல்கிற குரல் இல்லை அது. பேசிப் பேசித் தேய்ந்து, தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் வெளியே வந்தான். விமலைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போனான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மாமரங்களுக்குத் தண்ணீர் பாய்கிற நாள்.

விமல் அவன் பின்னால் போனான். இரண்டு மரம் பாய்ந்து மூன்றாவது மரத்துப் பாத்திக்கு வல்லரசு மடையைத் திருப்பும்வரை நின்றுகொண்டிருந்தான். பிறகு சொன்னான். தயார் செய்து வைத்த வாக்கியம் எதுவும் வரவில்லை.

"வல்லரசு, அன்னைக்குக் கொக்கிய மாட்டாம விட்டது மாமா இல்ல. நான். பின்னால ஒரு ஆள் வருதாருன்னு கழட்டித் தொங்கவிட்டேன். மாட்டலன்னு ஆத்துல வச்சே தெரிஞ்சுபோச்சு. திரும்பி வரல."

வல்லரசு மடையில் மண்ணை அள்ளிப் போட்டு மிதித்தான்.

"தெரியும்," என்றான்.

சொல்லிவிட்டு மறுபடியும் மண்ணை மிதித்தான்.

"மறுநா காலையிலயே தெரியும். கேட்டுப் பக்கம் ஈர மண்ணு. அப்பா செருப்புத் தடமே அங்கன இல்ல. சைக்கிள் தடந்தான். கடைசியா ஒருத்தன் தள்ளிக்கிட்டே போயிருக்கான். அதுக்கு மேல யானத்தடம்."

"பொறவு ஏன் அவரப் போயி..."

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்." வல்லரசு இப்போதுதான் நிமிர்ந்தான். கோபமாக இல்லை. தூங்காத ஆளின் முகமாக இருந்தது. "ஆஸ்பத்திரியிலயே சொல்லுவன்னு பாத்தேன். அவர வஞ்சா ஒனக்குப் பொறுக்காதுன்னு நெனச்சேன். நீ வந்து உக்காந்திருக்கப்பல்லாம் சத்தமா வஞ்சேன். நீ டீயக் குடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்ட. சரி, அடுத்த வாரம்னு நெனச்சேன். அடுத்த வாரமும் டீயக் குடிச்ச."

விமல் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"இரு. மொதல்ல ஒனக்குக் கேக்கணும்னுதான் வஞ்சேன். இப்ப நீ வராத அன்னைக்கும் அதேதான் வருது. வெள்ளனத் துணி மாத்தப் போவேன், வாய் தன்னால ஆரம்பிச்சிரும். அவரு செய்யலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அவரு மேல கோவம் கோவமா வருது. நேத்து நான் சொன்னத ஒரு மனுசன் அப்பனப் பாத்துச் சொல்லக்கூடாது." அவன் மண்வெட்டிக் காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "இப்ப நீ சொல்லிட்ட. நான் எப்பிடி அத நிறுத்துறது? அதச் சொல்லு."

மன்னித்துவிடு என்ற சொல் விமலிடம் இருந்தது. ஆனால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. முன்பே சொல்லியிருந்தால் இவன் தன்னை அடித்திருப்பான். அதோடு போயிருக்கும். தோப்புக்குள் வராதே என்றிருப்பான். உள்ளே கிடக்கிற மனிதர் தனியாகத்தான் கிடந்திருப்பார். ஆனால் மகன் தன்னைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது அவன் வாய்க்குப் பயந்து கண்ணை மூடிக்கொள்ளாமல் இருந்திருப்பார்.

வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"யாரு, விமலா? வந்துட்டியாலே?"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னல் இருட்டாகத் தெரிந்தது. உள்ளே கட்டில் தெரியவில்லை.

"ஏலே, எங்கலே நிக்க? வந்து உக்காரு. இந்த வாரம் எங்க போன?"

வல்லரசு பதில் சொல்வான் என்று விமல் காத்திருந்தான். விமல் சொல்லட்டும் என்று வல்லரசு நின்றான். பாத்தி நிறைந்து, தண்ணீர் வரப்பின் ஒரு ஓரத்தில் மெல்லத் தலைகாட்டி, மண்ணைக் கரைத்துக்கொண்டு வெளியே இறங்கியது. உதிர்ந்து கிடந்த மாவிலைகளைத் தூக்கிக்கொண்டு அது இருவர் காலடியிலும் பரவியது. மண்வெட்டி வல்லரசுவின் கையில்தான் இருந்தது. அவன் குனியவில்லை.